கடைசி வசனம் என்னுடையது

என்னை நாடகத்தில் நடிக்கக் கேட்டபோது உடனே சரி என்று சொல்லிவிட்டேன். கிளிநொச்சியில் உளவளத்துணையாளராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் எதற்கும் அப்படிச் சட்டென்று பதில் சொன்னதில்லை. வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் என் தொழில். வீட்டிலும் அதே பழக்கம். இரவுக்குப் புட்டா இடியப்பமா என்று கணவர் கேட்டால்கூட, அவருக்கு என்ன விருப்பம் என்றுதான் கேட்பேன்.

ஊரில் ஒரு சிறிய நாடகக் குழு இருந்தது. அதை நடத்தியவர் ரியூசன் நிலையம் ஒன்றில் கணிதம் படிப்பிப்பவர். சித்திரை மாதத்து ஒரு பின்னேரம், வேர்வை வழிய வழிய நான் வேலைசெய்யும் கந்தோருக்கு வந்தார். என்னைத் தேடி வருகிறவர்கள் இருக்கும் கதிரையில் இருந்துகொண்டு, நாடகத்தைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டே ரெண்டு பேர்தான், அக்கா. ஒரு உளவளத்துணையாளர், ஒரு இளம் பெட்டை. பெட்டைக்குக் கம்பனியொண்டில கணினி வேலை. வேலையில குழம்பிப்போனாள். திரும்ப எடுக்கிறதெண்டா உளவளத்துணையாளர் ஓம் எண்டு சொல்லவேணும். அவள் சொல்லச் சொல்லி நிக்கிறாள். இவா சொல்லுறா இல்லை. முழு நாடகமும் ஒரு அறைக்குள்ள நடக்குது."

"அதுக்கு ஏன் என்னட்ட வந்தனீங்கள்? நடிக்கிற ஆக்கள் இல்லையோ?"

"உளவளத்துணையாளரா ஒரு ரீச்சர் பழகினவா. நாடகத்தை எழுதின பிள்ளைதான் பெட்டையா நடிக்குது, அது ரீச்சரை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுது. ரீச்சர் கோயில்ல நிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு கேக்கிறாவாம். உண்மையாவே இந்த வேலை செய்யிற ஆள்தான் வேணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இரண்டு மூன்று நாடகங்களில் நடித்திருக்கிறேன். அதைவிட, அந்த நாட்களில் எனக்கு என் அறையே பிடிக்காமல் போயிருந்தது. காலையில் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதே திரும்பிப் போய்விட வேண்டும் போல இருக்கும். வேறு யாரோ எழுதித் தந்ததைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு ஒரு விடுமுறை போலப் பட்டது. அதனால்தான் சரி என்றேன்.

ஒத்திகை அந்த ரியூசன் நிலையத்தில்தான். தகரக் கூரை, கரும்பலகைப் பக்கம் மட்டும் சுவர், பிள்ளைகள் இருக்க வாங்குகள் போட்ட கொட்டில். பிள்ளைகள் போன பிறகும் பகல் முழுவதும் காய்ந்த தகரம் விட்டு விட்டுச் சடசடக்கும். நான் போனபோது அந்தப் பிள்ளை கரும்பலகைக்குக் கீழே நிலத்தில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. மெலிந்த உடம்பு. முழுக்கை மேற்சட்டை, அந்த வெக்கையிலும்.

"நீங்கள் உண்மையான மிஸ்ஸோ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் உளவளத்துணையாளர்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓம். ஆனா இங்க மிஸ் எண்டு சொல்லத் தேவையில்லை."

"அப்ப நாடகத்தில மிஸ், வெளியில அக்கா. சரியோ?"

அந்த ஒழுங்கை அவளேதான் வைத்தாள்.

அன்று அவள் தன் வேலையைப் பற்றி விளக்கினாள். நாடகத்தில் வரும் பெட்டையின் வேலையும் அதுதான். சமூக வலைத்தளங்களில் ஆட்கள் போடுகிற வீடியோக்களில் சிலதை வேறு ஆட்கள் கூடாது என்று முறைப்பாடு செய்வார்கள். அப்படி முறைப்பாடு வந்தவை இவள் முன்னால் உள்ள திரைக்கு வரும். பார்த்து, கேட்டு, விடலாமா அழிக்க வேண்டுமா என்று முடிவுசெய்து ஒரு பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினவுடன் அடுத்தது வந்துவிடும். தமிழில் வருவதெல்லாம் இவளுடைய கம்பனிக்கு. இவளுடைய தாயும் தகப்பனும் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியவர்கள். வீட்டில் ஒரு தமிழ், பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் என்று வளர்ந்ததால், எந்த ஊர்த் தூசணம், எந்த ஊர் ஏச்சு என்றாலும் இவளுக்கு விளங்கும்.

"அதுக்குத்தான் என்னை எடுத்தவை. வேற தகுதி ஒண்டும் பாக்கேல்ல" என்றாள்.

"என்னென்ன வரும்?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப கேட்டது மிஸ்ஸோ அக்காவோ?"

எனக்கே தெரியவில்லை. "நாடகத்துக்காகக் கேக்கிறன்" என்றேன்.

"நாடகத்தில அது வராது. வீடியோவில என்ன இருந்தது எண்டு கடைசி மட்டும் அவள் சொல்லமாட்டாள்."

வசனங்கள் நன்றாக இருந்தன. கூடுதலாக ஒரு சொல் இல்லை. இரண்டு பேரும் நல்ல யாழ்ப்பாணத்துப் பேச்சில் கதைப்பதாக எழுதியிருந்தாள். ஆனால் நான் வாயைத் திறந்ததும் அவள் நிறுத்தத் தொடங்கினாள்.

"தலையாட்டாதேங்கோ, அக்கா."

"நான் ஆட்டேல்லையே."

"ஆட்டினனீங்கள். அவள் நாலு சொல்லுச் சொல்ல முதல் நீங்கள் மூண்டு தரம் ஆட்டிப்போட்டியள்."

இன்னொரு நாள்: "பதில் தெரிஞ்சுகொண்டு கேக்கிற மாதிரி இருக்கு. தெரியாம கேளுங்கோ."

இன்னொரு நாள்: "உந்தக் குரல் வேண்டாம். உங்கட வீட்டுக் குரல் என்னெண்டு எனக்குக் காட்டுங்கோ."

நெறிப்படுத்த வேண்டிய கணித ஆசிரியர் ஒரு வாங்கில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை மறிக்க அவருக்குத் துணிவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் உருத்திரபுரம் வரைக்கும் ஸ்கூட்டியில் வீட்டுக் குரல் எது என்று யோசித்துக்கொண்டே போனேன். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த காலம் அது. கணவர் தண்ணீர் முறைக்காக வயலுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேறு படிந்த காலைக் கழுவும்போது, "இண்டைக்கு எப்படிப் போச்சுது?" என்று கேட்டேன். அவர் வாளியை வைத்துவிட்டு, "என்ன, என்னையும் விசாரிக்கத் தொடங்கிட்டீரோ?" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை.

அதன் பிறகு கந்தோரிலும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது. ஒரு தாய் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நானோ என் கழுத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். கழுத்தைக் கவனிக்கும்போது அவர் சொன்னது போய்விடும். கால் தன்பாட்டுக்கு மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு பெண் பாதியில் நிறுத்தி, "மிஸ்ஸுக்குச் சுகமில்லையோ? நான் வேற நாளைக்கு வரட்டே?" என்று கேட்டார். அவரை அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டி, மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன்.

நாடகத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முடிவு எழுதப்படவில்லை. கடைசியில் பெட்டை கேட்பாள்: "மிஸ், நான் திரும்ப வேலைக்குப் போகலாமோ?" அதற்கு என் பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அது நீங்கள்தான் சொல்லவேணும்" என்றாள் அவள்.

"என்னெண்டு?"

"ஓம், இல்லை, ஏதோ ஒண்டு. அண்டைக்கு உங்களுக்கு என்ன வருதோ அது. நீங்கள் சொன்ன உடன லைற்றை நிப்பாட்டச் சொல்லிக் கணக்குச் சேரிட்டச் சொல்லியிருக்கிறன். கடைசி வசனம் உங்கட."

ஒத்திகையில் நான் ஒருநாள் ஓம் என்றேன். பொய்யாக இருந்தது. அடுத்த நாள் இல்லை என்றேன். அது ஏதோ தண்டனை கொடுப்பது போல இருந்தது. இரண்டு நாளும் அவள் கேட்டுவிட்டு எழும்பினாள். தன் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பாதி ஊர் போய்விடும் என்று நாடகத்தை ஒரு கிழமை தள்ளி வைத்திருந்தோம். அந்தக் கிழமையில்தான் அது நடந்தது. ஒத்திகைக்கு நடுவே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் போனில் ஏதோ பகிடி வீடியோ வந்திருக்கிறதென்று எங்களுக்குக் காட்டுவதற்காகத் திருப்பினார். ஒரு மாடு கடைக்குள் புகுந்து வாழைக்குலையைத் தின்னுகிற வீடியோ, வேறொன்றுமில்லை. திரையில் படம் வருவதற்குள் அவள் எழும்பிவிட்டாள். தேத்தண்ணி வாங்கில் கவிழ்ந்தது. கொட்டிலுக்குப் பின்னால் போய் அவள் சத்தி எடுப்பது எங்களுக்குக் கேட்டது.

நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறுதலா மூச்சை எடும்" என்றேன். "இது எவ்வளவு காலமா இருக்குது?"

அவள் வாயைத் துடைத்தாள். "உந்தக் குரலை விடச் சொன்னனான்."

"பிள்ளை, நான் உதவி செய்யத்தான் கேக்கிறன்."

"நான் உங்களிட்ட வைத்தியத்துக்கு வரேல்ல. நடிக்க வந்தனான்."

பிறகு, யாரையும் பார்க்காமல், தானாகவே சொன்னாள். நாடகத்தில் வருவது அவளுக்கு நடந்ததுதான். ஒருநாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போது எழும்பிப் போய், தன் வரிசைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டாள். எல்லோருடைய திரையும் கறுப்பானதும் திரும்பி வந்து தன் கதிரையில் பேசாமல் இருந்துவிட்டாள். கம்பனி அவளை வீட்டில் நிற்கச் சொன்னது. உளவளத்துணையாளர் ஒருவர் சரி என்று சொன்னால் திரும்ப வரலாம்.

நான் போத்தலை மூடினேன். "அதுக்கோ என்னைத் தேடிப் பிடிச்சனீர்? நான் ஓம் எண்டு சொல்லுறதுக்கு?"

அவளுடைய முகம் மாறியது. பேச்சும் மாறியது. "அப்படீன்னா உங்க ஆபீசுக்கே வந்திருப்பேனே. எதுக்கு இந்த வெயில்ல ஒங்களுக்கு வசனம் சொல்லிக் குடுத்துக்கிட்டு நிக்கிறேன்?"

அவளுடைய வீட்டுத் தமிழை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உடனே என் கையிலிருந்த போத்தலை வாங்கி வாய் கொப்பளித்தாள்.

அவளை நம்புவதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழிலில், வேறு வழியில் பழக்கமான ஒருவருக்கு உளவளத்துணை செய்யக்கூடாது என்று ஒரு முறை இருக்கிறது. அவள் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவள் அல்ல. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நான் பார்த்துவிட்டேன். சக நடிகையாக இருப்பதா, மிஸ்ஸாக இருப்பதா? யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் மனநல வைத்தியரின் இலக்கத்தை அவளுக்கு அனுப்பினேன். அவள் பார்த்ததாக அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

நாடகத்துக்கு முதல் நாள் என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய கம்பனியின் முகாமையாளர். இளம் குரல்; மரியாதையான பேச்சு.

"மிஸ், அந்தப் பிள்ளையோட நீங்கள் கொஞ்ச நாளா வேலை செய்யிறியள் எண்டு கேள்விப்பட்டன். உங்கட அபிப்பிராயம் என்ன? திரும்ப எடுக்கலாமோ?"

"நான் அவவுக்கு உளவளத்துணை செய்யேல்ல. நாங்கள் நாடகம் பழகிறம். அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமையில்லை."

"விளங்குது, மிஸ். பரவாயில்லை. நாளைக்கு நானும் நாடகத்துக்கு வாறன். அவா சொல்லி அனுப்பினவா."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் சபையில் இருக்க, உண்மையான உளவளத்துணையாளரான நான் மேடையில் நின்று ஓம் என்று சொன்னால் அது என்ன? நாடகமா, என் அபிப்பிராயமா? இல்லை என்று சொன்னால் ஊரே பார்க்க அவளுடைய வேலையை நான் பறித்ததாகும். ஆசிரியருக்கு எடுத்து, நான் வரவில்லை என்றேன்.

"அக்கா, கதிரையெல்லாம் கொண்டுவந்து இறக்கியாச்சு" என்றார் அவர். அவர் குரல் அழுவதுபோல இருந்தது. "என்ன சொன்னாலும் பரவாயில்லை. வந்து நில்லுங்கோ. காணும்."

கணவரிடம் சொன்னேன். அவர் தன் மண்வெட்டியைக் கழுவிச் சாத்தி வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை உம்மை நம்பித்தானே அந்த இடத்தை வெறுமையா விட்டிருக்கு" என்றார். எனக்கு அவர் சொன்னது பிடிக்கவில்லை. நம்பியா விட்டாள், மாட்டிவிடத்தானே விட்டாள் என்று வாதாடினேன். அவர் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஆனாலும் அடுத்த நாள் பின்னேரம் போனேன். மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள். சுவர் விசிறிகள் ஒரு பக்கத்துக்குத்தான் காற்றடித்தன. கணவர் பின்னுக்கு நின்றார். மேடையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, தண்ணீர்க் கூசா. திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தபோது இரண்டாவது வரிசையில் மெலிந்த இளைஞர் ஒருவர் தனியாக இருந்தார். போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அவர்தான் என்று கேட்காமலே தெரிந்தது.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் அவரைக் கூப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"அவர் என்ர திரையைப் பாக்கேல்ல, அக்கா. என்னைப் பாக்கட்டும்."

நாடகம் தொடங்கியது. முதல் பாதி நாங்கள் பழகியபடியே போனது. பழகியதைவிட நன்றாகவே போனது. எங்கே தலையாட்டக்கூடாது என்று என் கழுத்துக்குப் பழகியிருந்தது. அவள் கேட்பாள், நான் தட்டிக் கழிப்பேன். நான் கேட்பேன், அவள் எழும்பி நடப்பாள். சபை அசையாமல் இருந்தது. பெட்டை மேசையில் கையை ஊன்றி, "மிஸ், இந்தக் கதிரையில இருந்து கேக்கிறது லேசு" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. அதற்கு நான், "லேசில்லை, பிள்ளை, பழகிப்போச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

அவள் அடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, மெல்ல எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

"அக்கா" என்றாள் அவள். மிஸ் இல்லை.

"நான் பாக்குறத நீங்க பாக்கல. ஆனா நீங்களும் நாள் பூராவும் கேக்குறீங்கதானே. ஒரு ஆள் போனா அடுத்த ஆள். நீங்க யாருகிட்ட சொல்லுவீங்க?"

வீட்டுத் தமிழ். சபைக்கு அது எழுதிய வசனமாகத்தான் இருந்திருக்கும். அது எழுதாதது என்று எனக்குத்தான் தெரியும்.

"நான்…" என்றேன்.

"சும்மாதான் கேக்குறேன். தெரியாமதான் கேக்குறேன்."

அந்த நேரம் நான் பல வருடங்களாகக் கேட்ட ஒரு கதை நெஞ்சுக்குள்ளிருந்து ஏறி வந்தது. அது யாருடையது என்று இங்கேயும் எழுதமாட்டேன். அந்தப் பெண் என் அறையில் இருந்து சொன்ன சொற்கள் அப்படியே என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. அவ்வளவு ஆட்களுக்கு முன்னால் சொல்லிவிடுவேனோ என்று பயந்தேன். கூசாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். பாதி மேசையில் சிந்தியது.

"ஒருத்தரிட்டையும் இல்லை" என்றேன்.

"அப்ப என்ன செய்வீங்க?"

"வீட்டை போய் ஸ்கூட்டியைக் கழுவுவன்."

"ஸ்கூட்டியவா?"

"ஓம். ஊத்தையில்லாட்டியும் கழுவுவன். டயருக்குள்ள இருக்கிற கல்லெல்லாம் ஈர்க்கால எடுப்பன். மனுசன் வந்து சாப்பாடு எங்கயெண்டு கேக்குமட்டும் கழுவுவன்."

சபையில் சிரிப்பு எழுந்தது. பின்னால் நின்ற என் கணவர் சிரிக்கவில்லை என்று பிறகு சொன்னார். கழுவுவதற்கு அதுதான் காரணம் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. அவளும் சிரித்தாள். இவ்வளவு நாளும் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு சிரிப்பு ஓய்ந்தது.

அவள் கதிரையில் இருந்தாள். கடைசி வசனத்துக்கு வந்துவிட்டாள், எழுதியபடியே கேட்டாள். "மிஸ், நான் திரும்ப வேலைக்குப் போகலாமோ?"

நான் சொல்ல நினைத்தது நீளமானது. அது என்னால் முடிவுசெய்யக் கூடியதல்ல, இப்படி ஒரு வேலையை ஒருவரைத் தனிய ஒரு திரைக்கு முன்னால் இருத்திச் செய்விக்கக்கூடாது, உமக்குப் போக விருப்பமா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை, அதை முதலில் சொல்லும் என்றெல்லாம். இரண்டாவது வரிசையையும் பார்த்துச் சொல்ல நினைத்தேன். அதற்காக எழும்பினேன்.

"எனக்குத் தெரியாது" என்று தொடங்கினேன்.

லைற் நின்றுவிட்டது. நான் சொன்னவுடன் நிறுத்த வேண்டும் என்பது ஆசிரியருக்குக் கொடுத்த கட்டளை. அவர் அதைச் சரியாகச் செய்தார்.

இருட்டில் வாயைத் திறந்தபடி நின்றேன். "இல்லை, இன்னும் இருக்கு" என்று மெல்லச் சொன்னேன். அவளுடைய கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"காணும், அக்கா" என்றாள். "தெரியாமத்தான் சொன்னனீங்கள்."

ஆட்கள் கை தட்டினார்கள். ஆசிரியர் ஓடி வந்து, என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்றார். நான் மேடைக்குப் பின்னால் ஒரு படியில் இருந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது முகாமையாளர் வந்தார். கிட்டப் பார்க்கையில் அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவளுக்கு வாழ்த்துச் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டு, நாடகம் பார்க்க வந்திருந்த தாயிடம் போனாள்.

"மிஸ், உண்மையாவே தெரியாதோ?" என்று என்னிடம் கேட்டார்.

லைற் நின்றதால் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன். மேடையில் சொல்லியிருந்தால் அழகாக வந்திருக்கும். அங்கே படியில் இருந்து சொல்லும்போது சொற்கள் முன்னுக்குப் பின்னாக வந்தன.

"நானும் அவவின்ர கதிரையில இருந்து, உந்த வீடியோக்களைப் பாத்துத்தான் மேல வந்தனான்" என்றார் கடைசியில். "கொழும்பில இருக்கிறவைக்குச் சொல்லிப் பாக்கிறன். கேப்பினமோ தெரியாது." போகத் திரும்பியவர் நின்றார். "உங்கட கந்தோர் பின்னேரத்தில திறந்திருக்குமோ?"

அவர் ஒருமுறை வந்தார். அவர் என்ன கதைத்தார் என்பதை நான் எழுதக்கூடாது. அதன் பிறகு வரவில்லை.

அவள் நான் அனுப்பிய இலக்கத்துக்கு எடுத்து, யாழ்ப்பாணத்துக்குப் போய் அந்த வைத்தியரைப் பார்த்தாள் என்று பிறகு அறிந்தேன். ஆனையிறவு தாண்டும்போது பஸ்ஸில் இருந்து ஒரு படம் அனுப்பினாள். வெள்ளை வெளேரென்று உப்பளம், வேறொன்றுமில்லை. வைத்தியர் சரி சொல்ல, கம்பனிக்குத் திரும்பிப் போனாள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து இருந்து பார்க்கலாம், மோசமானவற்றை மத்தியானத்தோடு நிறுத்தலாம் என்று அங்கே ஒரு மாற்றம் வந்திருந்தது. முகாமையாளர் சொல்லி வந்ததா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. சம்பளத்தில் ஒன்றும் கூடவில்லை என்றாள். மாரி தொடங்கும்வரை அங்கே வேலை செய்துவிட்டு, தானாகவே விலகினாள்.

எனக்கும் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. இதே தொழிலில் உள்ள ஒரு தோழி வவுனியாவில் இருக்கிறாள். மாதத்தில் ஒருமுறை சனிக்கிழமை பஸ் ஏறி அவளிடம் போகத் தொடங்கினேன். முதல் நாள் அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நான் கேள்வியையே பதிலாகச் சொன்னேன். அவள் பொறுமையிழந்து, "உமக்கு என்ன விசர் பிடிச்சிருக்கே, ஒண்டையாவது சொல்லும்" என்றாள். சொல்லத் தொடங்கியபோது அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். கந்தோரில் கால் ஆடுவது குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

போன கிழமை சந்தைப் பக்கம் அவளைக் கண்டேன். இப்போது ஒரு மருந்துக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். கையில் கீரைப்பிடியோடு வெயிலில் நின்று கதைத்தோம்.

"எப்படி வேலை?" என்று கேட்டேன்.

"சரியான அலுப்பு, அக்கா. பின்னேரம் மூண்டு மணிக்கு ஒருத்தரும் வராயினம். மேசையில மொய்க்கிற இலையானைக் கலைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"நித்திரை?"

"வருது. சில நாளில எழும்பி இருந்திடுவன். கம்பனியில என்ர கதிரையில இப்ப ஆர் இருக்குதோ எண்டு யோசனை வரும். ஒரு பிள்ளை இருக்குமெல்லே."

நான் தலையாட்டவில்லை. அவளுடைய தாய் போனில் கூப்பிட்டாள். "வந்துட்டேன்மா, கீரை வாங்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் சைக்கிளை எடுத்து, ஒரு லொறியைப் போகவிட்டு, வீதியைக் கடந்து போனாள்.